தொய்வு காட்டாத தேய்மானம்

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பட்டறையில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்கு ஓடும் பிரைமரி செயினை எத்தனை ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? ட்ரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன், மேட்ச்லெஸ், ராயல் என்ஃபீல்டு என்று எந்த வண்டியானாலும் கேள்வி இதுதான். பல வருஷமாக இந்தச் செயின்களைக் கழற்றி, கழுவி, அளந்து பார்த்த பிறகும் இதற்கு என்னால் ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஒரே மாடல், ஒரே வருஷத்தில் வெளிவந்த இரண்டு வண்டிகளில் ஒன்றின் செயின் மற்றதைப் போலப் பல மடங்கு உழைத்திருக்கும். இரண்டுமே ஒரே தொழிற்சாலைச் செயினாக இருந்திருக்கும். மைல்கணக்கு உதவாதபோது பலரும் அடுத்து நம்புவது தொய்வை. செயின் தொய்ந்தால் டென்ஷனரைத் திருகுவது, திருக இடமில்லாமல் போனால் செயினை மாற்றுவது என்பதுதான் பரவலான வழக்கம். இந்த வழக்கம் தவறு என்பதே என் கட்சி. தொய்வு வேறு, தேய்மானம் வேறு. தொய்வைத் திருகி எடுத்துவிடலாம், தேய்மானத்தை எடுக்க முடியாது. திருகும் வசதி கையில் இருப்பதாலேயே தேய்ந்த செயின் நல்ல செயினைப் போல உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அளக்க வேண்டியது செயினின் நீளத்தையும் அந்த நீளம் எங்கும் ஒரே சீராக இருக்கிறதா என்பதையும்தான். அளந்து முடித்ததும், அதைத் தேய்த்தது எது என்று தேட வேண்டும். இதைச் செய்யாமல் புதுச் செயின் போட்டால் அதே தேய்மானம் இன்னும் வேகமாகத் திரும்பி வரும்.

அந்தச் செயின் என்ன பாடுபடுகிறது என்பதை எண்களில் பார்த்தால் விஷயம் புரியும். 1963 முதல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்த ட்ரையம்ப் 650 வண்டிகளை எடுத்துக்கொள்வோம். கிராங்க் முனையில் 29 பல் ஸ்ப்ராக்கெட், கிளட்ச்சில் 58 பல், இரண்டையும் சுற்றி 3/8 அங்குலப் பிட்ச் (அடுத்தடுத்த மூட்டுகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட, 84 கண்ணிகள் உள்ள இரட்டை வரிசைச் செயின். எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது இந்தச் செயின் விநாடிக்கு ஏறத்தாழ 27.6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் அது, கையளவு பெட்டிக்குள். ஒரு விநாடியில் 34 தடவைக்கு மேல் முழுச் சுற்றையும் முடித்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் நான்கு தடவை மடங்கி நிமிர்கிறது: எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது, இறங்கும்போது, கிளட்ச்சில் ஏறும்போது, இறங்கும்போது. அந்த மடக்கத்தில் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று உரசுகின்றன. எஞ்சின் பக்கம் ஒரு மடக்கம் 12 டிகிரிக்குச் சற்று மேல், கிளட்ச் பக்கம் அதில் பாதி. எஞ்சினின் முழு இழுப்பையும் தாங்கிக்கொண்டே இந்த உரசல் நடக்கிறது. ஹான்ஸ் ரெனால்டு மான்செஸ்டரில் 1880இல் காப்புரிமை பெற்ற புஷ்-ரோலர் செயினின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. ரோலர் பல்லின் மேல் உருள்கிறது, அதனால் பல் தப்பிக்கிறது. உரசல் முழுவதையும் உள்ளே ஒளிந்திருக்கும் பின்னும் புஷ்ஷும் வாங்கிக்கொள்கின்றன. அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது.

செயின் நீண்டுவிட்டது என்றால் அதன் தகடுகள் ரப்பர் போல இழுபட்டுவிட்டன என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடும் வண்டியில் அப்படி எதுவும் நடப்பதில்லை. நீளம் கூடுவது பின்னும் புஷ்ஷும் தேய்ந்த இடைவெளியால்தான். 3/8 அங்குலப் பிட்ச் என்பது 9.525 மில்லிமீட்டர். அதில் 2 சதவீதம் என்றால் வெறும் 0.19 மில்லிமீட்டர். ஒரு மூட்டில் இதை விரல் உணராது. ஆனால் 84 மூட்டுகளில் சேர்ந்தால் செயின் 16 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். இதில் பலர் கவனிக்காத இன்னொரு சங்கதி இருக்கிறது. புஷ்கள் இரண்டும் உள்தகடுகளில் இறுக்கி அடிக்கப்பட்டவை, அதனால் உள்கண்ணியின் பிட்ச் எவ்வளவு ஓடினாலும் மாறாது. தேய்மானம் முழுவதும் வெளிக்கண்ணியின் பிட்ச்சில்தான் தெரியும். சராசரி நீட்சி 1 சதவீதம் என்றால் ஒரு கண்ணி பழைய அளவிலேயே இருக்கும், அடுத்தது 2 சதவீதம் நீண்டிருக்கும். கிளட்ச் ஸ்ப்ராக்கெட்டில் 58 பல், செயினில் 84 கண்ணி, இரண்டும் இரட்டைப்படை. எனவே ஒரு பல்லில் உள்கண்ணி விழுந்தால், செயினைக் கழற்றும்வரை அந்தப் பல்லுக்கு உள்கண்ணிதான். பழைய செயினையே திரும்பப் போடுவதாக இருந்தால் ஒரு கண்ணியிலும் அதன் பல்லிலும் பெயின்ட் பொட்டு வைத்துவிட்டுக் கழற்றுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரு பல் தள்ளிப் போட்டால், ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த பரப்புகள் இடம் மாறிவிடும்.

இனி அந்தத் திருகாணிக்கு வருவோம். எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனியாக இருந்த காலத்து வண்டிகளில் கியர்பாக்ஸையே பின்னுக்கு நகர்த்திச் செயினை இறுக்குவார்கள். 70 கண்ணிகள் கொண்ட அரை அங்குலப் பிட்ச் செயின் ஒன்றின் நீளம் 889 மில்லிமீட்டர். அது 2 சதவீதம் தேய்ந்து, தூக்கிப் போட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டால் கூடியிருக்கும் நீளம் 18 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. செயின் மேலும் கீழும் இரண்டு ஓட்டமாக ஓடுவதால் கியர்பாக்ஸை 9 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினாலே தொய்வு முழுவதும் மறைந்துவிடும். தாங்குதகட்டில் உள்ள நீள்துளையில் அந்த அளவு பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே ஆயுள் முடிந்த செயினைக் கையேடு சொல்லும் தொய்வுக்கு அப்படியே கொண்டுவந்துவிடலாம். மூடியைப் போட்டுவிட்டால் குறை ஏதும் தெரியாது. எஞ்சினோடு கியர்பாக்ஸ் ஒட்டிய வண்டிகளில் அந்த நகர்வு கிடையாது. அங்கே கீழ் ஓட்டத்தை ஒரு சறுக்குப்பட்டை மேல்நோக்கி அழுத்தும். தேய்மானம் கூடக் கூடப் பட்டை வில்லாக வளையும், அதன் மேலிருக்கும் ரப்பர் வெந்து பிய்ந்து எண்ணெயில் துண்டு துண்டாக மிதக்கும். 1975இல் வந்த நார்ட்டன் கமாண்டோ மார்க் 3, எண்ணெய் அழுத்தத்தில் தானே இறுக்கிக்கொள்ளும் டென்ஷனரோடு வந்தது. ஓட்டுபவருக்கு அது பெரிய வசதி, சந்தேகமில்லை. ஆனால் தேய்மானத்தை மறைப்பதில் அதைப் போல வேறெதுவும் இல்லை. திருகும் வேலையே இல்லாததால் மூடியைத் திறக்கும் சந்தர்ப்பமும் போய்விடுகிறது.

"தொய்வு சரியாக இருக்கும்போது நீளம் கூடினால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிட்ச் கூடிய செயின் பல்லின் அடிப்பள்ளத்தில் உட்காராது, தன் பிட்ச்சுக்கு ஏற்ற பெரிய வட்டத்தைத் தேடிப் பல்லின் மேல் ஏறும். 58 பல் ஸ்ப்ராக்கெட்டில் ரோலர்கள் உட்காரும் வட்டத்தின் ஆரம் 88 மில்லிமீட்டர். 1 சதவீத நீட்சிக்கே செயின் அங்கே கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் மேலே ஏறிவிடும். 29 பல்லில் அதில் பாதிதான் ஏறும். ஆகவே தேய்ந்த செயினின் தண்டனையை முதலில் அனுபவிப்பது விலை கூடிய கிளட்ச் சக்கரம். நுனியில் பல் மெலிந்திருக்கிறது, சுமையும் எல்லாப் பற்களுக்கும் பங்காகாமல் ஓரிரண்டு பற்களில் விழுகிறது, பல் கொக்கி போல வளைகிறது. அந்தப் பல் பிறகு எந்தப் புதுச் செயினையும் கெடுக்கும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளில் இன்னோர் அபாயமும் உண்டு: வீசியாடும் செயின் ஸ்டேட்டர் வயரை உரசி அறுத்துவிடும். அப்போது போவது செயினோடு நிற்காது, மின்சாரமும் சேர்ந்து போகும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, காயவிட்டு, தட்டையான பலகையில் நேராகக் கிடத்த வேண்டும். 3/8 அங்குலச் செயினில் 32 பிட்ச் சேர்ந்தால் துல்லியமாக 12 அங்குலம், அரை அங்குலச் செயினில் 24 பிட்ச். ஒரு முனையை ஆணியில் மாட்டி, முதலில் கண்ணிகளை நெருக்கித் தள்ளி ஓர் அளவு, பிறகு இழுத்துப் பிடித்து ஓர் அளவு. இழுத்த அளவு 12 1/4 அங்குலத்தைத் தொட்டால் 2 சதவீதம் தாண்டிவிட்டது, அந்தச் செயினைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை. என் கணக்கில் மையதூரம் மாறாத வண்டிகளுக்கு 12 1/8 அங்குலத்திலேயே புதுச் செயினுக்குச் சொல்லி வைக்க வேண்டும். இதைவிட முக்கியம், ஒரே செயினில் மூன்று நான்கு இடங்களில் அளந்து ஒப்பிடுவது. ஒரே சீராகத் தேய்ந்த செயின் தன் வயதுக்கு நேர்மையாகத் தேய்ந்தது. ஓரிடத்தில் 12 1/16, இன்னோரிடத்தில் 12 3/16 என்று காட்டினால் சராசரி எதுவாக இருந்தாலும் அது வெளியே போக வேண்டியது. இறுக்கமான இடத்துக்கு ஏற்பத் திருகினால் மற்ற இடம் தொங்கும், தொங்கும் இடத்துக்குத் திருகினால் இறுக்கமான இடம் கிராங்க் பேரிங்கையும் கியர்பாக்ஸ் மெயின்ஷாஃப்ட் பேரிங்கையும் ஒவ்வொரு சுற்றிலும் இழுத்து அடிக்கும். ட்ரையம்ப் 650க்கும் கமாண்டோவுக்கும் 3/8 அங்குலம், புல்லட்டுக்கு 1/4 அங்குலம் என்று சொல்லப்படும் தொய்வு செயினின் மிக இறுக்கமான இடத்துக்கான அளவு. முதலில் கை வைத்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டு மூடியைப் போடுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் கண்ட குறை.

இங்கே ஒரு மறுப்பு வரும். இறுக்கமும் தொய்வும் மாறி மாறி வருவது செயினால்தான் என்று எப்படித் தெரியும், ஸ்ப்ராக்கெட் கோணலாகச் சுற்றினாலும் அதே அடையாளம்தானே என்பார்கள் அனுபவசாலிகள். சரிதான். ட்ரையம்ப் கிளட்ச் சக்கரம் 20 ரோலர்கள் மேல் சுற்றுகிறது. அந்த ரோலர்களோ அவை ஓடும் பாதையோ தேய்ந்தால் சக்கரமே ஆடும், தொய்வும் அதோடு சேர்ந்து மாறும். ஆனால் பிரித்தறிய வழி இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயினின் ஒரு கண்ணியிலும் கிளட்ச் சக்கரத்தின் ஒரு பல்லிலும் வெவ்வேறு நிறத்தில் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் கிளட்ச் சக்கரம் முழுச்சுற்று முடிக்கும்போதெல்லாம் திரும்பி வந்தால் குற்றவாளி சக்கரம் அல்லது அதன் பேரிங். செயின் முழுச்சுற்று வரும்போது மட்டும் வந்தால் குற்றம் செயினில். 58 பல்லுக்கு ஒரு தடவை, 84 கண்ணிக்கு ஒரு தடவை என்று இரண்டின் தாளமும் வேறு என்பதால் குழப்பம் வராது. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் புதுச் செயினை வாங்கிப் போட்டுவிட்டு, அதே இறுக்கம் வந்ததும் செயின் செய்தவரைத் திட்டுவது நியாயமில்லை.

தேய்மானத்துக்கு முதல் காரணம் எண்ணெய்ப் பஞ்சம். ஏஜெஎஸ், மேட்ச்லெஸ் வண்டிகளில் 1958க்கு முன்பு செயின் கேஸ் அழுத்தி வடித்த தகரம். பல நார்ட்டன்களிலும் அப்படியே, நடுவில் ஒரே நட்டு, ஓரத்தில் ரப்பர் பட்டை. அந்த நட்டைக் கூடுதலாக இறுக்கினால் தகரம் நெளியும், நெளிந்த தகரம் எண்ணெயைப் பிடித்து வைக்காது. ஏஜெஎஸ், மேட்ச்லெஸ்ஸில் அலுமினிய வார்ப்புக் கேஸ் வந்ததும் கசிவுத் தொல்லை பெருமளவு குறைந்தது, செயின் உழைப்பும் கூடியது. ஒரே கம்பெனியின், ஒரே வகை எஞ்சினில் கேஸ் மட்டும் மாறியதும் செயினின் ஆயுள் மாறியது என்றால் செயினின் விதியைத் தீர்மானிப்பது செயின் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எண்ணெய் இல்லாமல் ஓடிய செயினைக் கழுவும் முன்பே அடையாளம் காணலாம், மூட்டுகளின் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் அரும்பியிருக்கும். எண்ணெயில் ஓடித் தேய்ந்ததில் தூள் இராது, கருமையான பளபளப்புதான் இருக்கும். ஆல்டர்னேட்டர் ரோட்டர் காந்தம் என்பதால் செயினிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் ரோட்டரைத் துணியால் துடைத்து, துணியில் என்ன வருகிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம். எண்ணெய் கூடினாலும் தொல்லைதான். கமாண்டோவின் கேஸுக்கு 200 மில்லிலிட்டர் போதும். அதற்கு மேல் போனால் கிளட்ச் வழுக்கும். புஷ்ராட் வழியாகக் கியர்பாக்ஸ் எண்ணெய் ஊறி வந்தும் அது வழுக்கும். ஒருமுறை கிளட்ச் வழுக்கிப் பயந்தவர்கள் அதன் பிறகு எண்ணெயைக் குறைத்து ஊற்றுகிறார்கள், விலையைச் செயின் கொடுக்கிறது. வழுக்கும் கிளட்ச்சுக்கு வைத்தியம் கிளட்ச்சில்தான், எண்ணெயைக் குறைப்பதில் இல்லை. 1970 முதல் வந்த ட்ரையம்ப் 650களில் எஞ்சின் எண்ணெயே செயின் கேஸுக்கும் வந்து போகும். அங்கே எஞ்சின் எண்ணெயை மாற்றாமல் விட்டால் அதன் அழுக்கைச் செயினும் சேர்ந்து குடிக்கும்.

இரண்டாவது காரணம் நேர்கோடு. எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்ச் சக்கரமும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் செயின் ஒரு பக்கமாகவே உரசி ஓடும். கழற்றிய செயினின் உள்தகடுகளில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல மின்னினால், பற்களின் பக்கவாட்டில் ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால், செயினை மாற்றும் முன் இரும்பு அளவுகோலை இரண்டு சக்கரங்களின் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும், ஷிம் வைத்துத் திருத்த வேண்டும். கியர்பாக்ஸை நகர்த்தி இறுக்கும் வண்டிகளில் ஒரு பக்கத் திருகாணியை மட்டும் இழுத்தால் கியர்பாக்ஸ் கோணிவிடும், நேர்கோடு அங்கேயே கெடும். அதில் இன்னொன்றும் உண்டு: கியர்பாக்ஸ் நகர்ந்தால் பின்செயினின் தொய்வும் கிளட்ச் கேபிளும் கியர் இணைப்பும் கூடவே மாறும். பிரைமரியை முடித்த பிறகே பின்செயினுக்குப் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு வேலையையும் மறுபடி செய்ய நேரும்.

மூன்றாவது காரணம் அதிர்வு தாங்கி, இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் உதைக்கும். ஓர் உதைக்கும் அடுத்ததற்கும் நடுவே செயின் இழுபடும், தளரும், மறுபடி இழுபடும். இந்த வெட்டலை விழுங்க ஒரு சாதனம் இல்லாவிட்டால் எந்தச் செயினும் தாங்காது. சில வண்டிகளில் அது கிராங்க் முனையில் ஸ்பிரிங்கும் கேமுமாக இருக்கும், ட்ரையம்ப்பில் கிளட்ச் நடுவே ரப்பர் கட்டைகளாக இருக்கும். 1956 முதல் திருவொற்றியூரில் உருவெடுத்த நம் புல்லட்டில் அது எஞ்சின் பக்கமே இல்லை, பின்சக்கர ஹப்பில் இருக்கிறது. அந்த ஹப் ரப்பர் கட்டைகள் நசுங்கி வறண்டுபோன புல்லட்டில் பிரைமரி செயின் சீக்கிரம் போவதற்குக் காரணம் இதுதான். பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் செயின் கேஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. புல்லட்டைப் பொறுத்தவரை ஒரு சௌகரியம், மூடியை ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. பழைய இரும்பு எஞ்சின் வண்டிகளில் இடது பக்க ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் மிதியையும் விலக்கிவிட்டால் செயின் கண்ணெதிரே. திறந்து பார்க்காமலிருக்க அங்கே சாக்குச் சொல்ல இடமில்லை.

இத்தனை வருஷத்தில் நான் கண்ட பெரிய மாற்றம் செயினில் வரவில்லை, வண்டிகளின் வாழ்க்கையில் வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இவை தினமும் வேலைக்குப் போன வண்டிகள். எண்ணெய் தினமும் சூடேறும், உள்ளே படிந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். செயின் ஓடித் தேய்ந்தது. இன்று அதே வண்டிகள் மாதக்கணக்கில் போர்வைக்குள் நிற்கின்றன, எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச தூரம் ஓடுகின்றன. எண்ணெய் முழுதாகச் சூடேறும் முன்பே வண்டி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ஈரம் கேஸுக்குள்ளேயே தங்கி எண்ணெயோடு கலந்து வெளுத்த குழம்பாகிறது. எண்ணெய் மட்டத்துக்கு மேலே நிற்கும் கண்ணிகளில் துரு பிடித்து மூட்டு விறைக்கிறது. விறைத்த நான்கைந்து கண்ணிகள் ஓடும்போது அந்த இடம் மட்டும் தனியாகத் தேய்கிறது. மைல் மீட்டரில் சொற்ப மைல்கள் ஏறியிருக்கும், செயினோ குப்பைக்குப் போக வேண்டியதாக இருக்கும். வண்டி அதிகம் ஓடவில்லையே என்று ஆச்சரியப்படுகிறார்கள். ஓடாததுதான் காரணம். இப்படி நிறுத்தி வைக்கப்படும் வண்டிகளுக்கு மைல் பார்க்காமல் வருஷத்துக்கு ஒருமுறை செயின் கேஸ் எண்ணெயை மாற்ற வேண்டும். செலவு மிகக் குறைவு.

மாற்றுவது என்று முடிவானால் ஸ்ப்ராக்கெட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது பழைய விதி. அதை முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை. எஞ்சின் ஸ்ப்ராக்கெட் கிளட்ச் சக்கரம் ஒரு சுற்று வரும்போது இரண்டு சுற்று வருகிறது, பல்லும் பாதி, அதனால் ஒவ்வொரு பல்லுக்கும் இரட்டிப்பு அடி. விலையும் குறைவு. ஒரு செயின் நன்றாக உழைத்து முடித்தால் அதோடு எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கிளட்ச் சக்கரத்தைப் பற்களைப் பார்த்து முடிவெடுக்கலாம். புதுச் செயினை அதன் மேல் சுற்றிப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ரோலர்கள் அடிப்பள்ளம் வரை இறங்கி உட்கார்ந்து, எந்தக் கண்ணியும் மேலே தூக்கிக்கொள்ளாவிட்டால் அந்தச் சக்கரம் இன்னும் உழைக்கும். எஞ்சினோடு கியர்பாக்ஸ் ஒட்டிய வண்டிகளில் செயின் முனையில்லாத ரிவெட் செயின். அதைப் போட எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டையும் கிளட்ச்சையும் புல்லர் கொண்டு ஒரே நேரத்தில் வெளியே இழுக்க வேண்டும். இதற்குச் சோம்பி, செயினை வெட்டி ஸ்பிரிங் கிளிப் இணைப்புப் போடுகிறவர்கள் உண்டு. விநாடிக்கு 34 சுற்று வரும் இடத்தில், காந்த ரோட்டருக்குப் பக்கத்தில் அந்தக் கிளிப் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்தச் சோம்பல் போய்விடும். கிளிப் இணைப்போடு வடிவமைக்கப்பட்ட பழைய வண்டிகளில் கிளிப்பின் மூடிய முனை ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். நீளம் ஒத்துவரவில்லை என்று அரைக்கண்ணி சேர்ப்பதை எந்த வண்டியிலும் செய்யாதீர்கள். எல்லாம் பூட்டிய பிறகு ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.008 அங்குலமாவது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மூட வேண்டும்.

இப்போது கிடைக்கும் செயின்கள் பழையவை போல இல்லை, அதனால்தான் சீக்கிரம் போகின்றன என்ற புகாரையும் கேட்கிறேன். பெயரில்லாத பெட்டியில் வரும் மலிவுச் செயின்களைப் பற்றி அப்படிச் சொன்னால் உண்மைதான். ஆனால் ரெனால்டு, இத்தாலியின் ரெஜினா, ஜெர்மனியின் ஐவிஸ் போன்றவர்களின் செயின்களை அப்படிச் சொல்ல முடியாது. நம் ஊரிலேயே சென்னையின் டயமண்ட், கோயம்புத்தூரின் ரோலான் என்று செயின் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். செயினின் அளவும் ஒரு காரணம்தான், அதை மறுக்கவில்லை. அரை அங்குல ஒற்றைச் செயினின் பின்-புஷ் தாங்குபரப்பு சுமார் 0.50 சதுர சென்டிமீட்டர், 3/8 அங்குல இரட்டையில் 0.56, மூன்று வரிசையில் 0.84. ட்ரையம்ப் 750 சிசிக்கு வளர்ந்து டி140 ஆனபோது மூன்று வரிசைக்குப் போனது இந்தக் கணக்கால்தான். கமாண்டோவும் பிஎஸ்ஏ ஏ65-ம் மூன்று வரிசைதான். ஆனால் பரப்பு கூடியதால் கோணலையும் எண்ணெய்ப் பஞ்சத்தையும் வெல்ல முடியவில்லை. கோணலாக ஓடும் மூன்று வரிசைச் செயினில் ஓர வரிசை மட்டும் சுமை தாங்கித் தேயும், மற்ற இரண்டும் கூட ஓடும்.

செயினே வேண்டாம், பல் வைத்த பெல்ட் போட்டுவிடலாம் என்பது இப்போது பலமாக எழும் வாதம். எடை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெய் தேவையில்லை, கசிவும் இல்லை. பந்தய வண்டிக்கு அது நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சாலையில் ஓடும் வண்டிக்கு அது தீர்வாகத் தெரியவில்லை. பெல்ட்டுக்கு நேர்கோடு செயினைவிடத் துல்லியமாக வேண்டும், கோணினால் ஓரத்துக்கு ஓடி விளிம்பைத் தின்னும். சூட்டில் அலுமினியக் கூடு விரிந்து மையதூரம் கூடும்போது பெல்ட் இன்னும் இறுகி பேரிங்குகளை இழுக்கும், ஆகவே குளிர்ந்த நிலையில் தொய்வாக வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணெயில் ஊறிப் பழகிய கிளட்ச் தகடுகள் உலர்ந்து ஓட வேண்டும், மூடிய கேஸுக்குள் சூடு வெளியேற வழி வேண்டும். 1970க்குப் பிந்தைய ட்ரையம்ப்பில் எஞ்சின் மூச்சே செயின் கேஸ் வழியாகப் போகிறது, பெல்ட் போட அந்த வழியை அடைத்து வேறு வழி திறக்க வேண்டும். நேர்கோட்டைத் திருத்தி, கிளட்ச் பேரிங்கைப் புதுப்பித்து, கியர்பாக்ஸ் எண்ணெய் கசிவை நிறுத்தாமல் பெல்ட் போட முடியாது. இவற்றையெல்லாம் செய்து முடித்த வண்டியில் செயினே நீண்ட காலம் உழைக்கும். தேய்ந்த செயின் சத்தத்தாலும் இறுக்கத்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். பெல்ட்டோ பெரும்பாலும் சொல்லாமல் அறும்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. செயின் கேஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மிகக் கூடிய தொய்வு, மிகக் குறைந்த தொய்வு, செயின் வெளியே வந்திருந்தால் 12 அங்குலத்துக்கு எவ்வளவு நீட்சி, எந்த எண்ணெய், எவ்வளவு ஊற்றியது, என்ன தேதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வண்டியை விற்கும்போது அந்த நோட்டையும் வாங்குபவரிடம் கொடுங்கள். மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது முதலில் அதைக் காட்டுங்கள். இரண்டு மூன்று வருஷக் குறிப்பு கையில் இருந்தால் அந்த வண்டியின் செயின் எப்போது மாற வேண்டும் என்பதை வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.